குழந்தைவேலின் விசில்
கஞ்சமலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. கால்பந்து மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே எங்கள் கல்லூரி கோச் குழந்தைவேல் வெறுங்கையோடு நிற்கிறார். வெளியிலிருந்தே ஊதி ஊதி ஆட்டத்தைக் குழப்புகிறார் என்று அவருடைய விசிலை நடுவர் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுபத்தாறில், வேலைக்கு வந்த வருடமே, கோப்பை வாங்கித் தந்த மனிதர். அந்த இறுதி ஆட்டத்தில் "உடாத மாதையா, மோதுடா!" என்று கத்தியவரும் இவர்தான். மோதி விழுந்த மாதையன் அப்புறம் எழவே இல்லை. அன்றிலிருந்து பயிற்சியில் இரண்டு பேர் கால் நெருங்கினாலே விசில் அலறும், பையன்கள் நின்றுவிடுவார்கள். இப்போது மேட்டூர்க்காரன் பந்தோடு பாய்ந்து வருகிறான். எங்கள் பையன்கள் மூன்று பேர் அவனை மறிக்க ஓடுகிறார்கள். ஓரடி இருக்கையில் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கிளப்பிய செம்புழுதி அவர்கள் முழங்காலிலேயே படிகிறது. பந்து வலைக்குள் உருண்டு ஓய்கிறது. "ஏன்டா நின்னு தொலைச்சீங்க?" கோல் கீப்பர் தங்கசாமி கத்துகிறான். "சார் விசில் ஊதுனாருல்ல, கேக்கலயா?" என்கிறான் நின்ற மூவரில் ஒருவனான சின்னண்ணன். எல்லோரும் கோட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். குழந்தைவேலின் வெறும் விரல்கள், இல்லாத விசிலைப் பிடித்ததுபோல் வாயருகே குவிந்திருக்கின்றன. உப்பிய கன்னங்களில் காற்று இன்னும் அடங்கவில்லை.