சிவப்பு மூடி

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. வானம் மூடியிருந்தது, மேற்கிலிருந்து சாரல் விட்டுவிட்டு அடித்தது.

ஆய்வகத்தில், நுண்ணோக்கியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

தட்டில் செல்கள் அமைதியாக இருந்தன.

சென்ற முறை அவ்வாறில்லை. தம்பியின் இரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீரைச் சொட்டியதும், அது மெல்லிய இழைகளாக உறைந்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் அவ்விழைகளைப் பற்றின, பருத்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

இன்று அவை உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன.

ஃபைப்ரினோஜன் என்பது இரத்தத்தை உறையச் செய்யும் புரதமாகும். காயத்தை அடைப்பது அதன் பணி. அதுவே நரம்புகளுக்கிடையில் கசியுமாயின், நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டி அழற்சியை விளைவிக்கும்.

நாற்பது வயதுக்குமேல் கல்லூரிக்குச் சென்று அவள் கற்ற வாக்கியங்கள் இவை. தம்பியின் இடக்கால் இழுபடத் தொடங்கியதும் அவள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில்தான்.

செல்கள் அவ்விழைகளைப் பற்றவிடாமல் தடுக்கும் புதிய ஊசி அவனுக்குப் போடப்பட்டு வந்தது. இன்றும் செல்கள் சீறுமாயின், ஊசியை நிறுத்திவிடுவதாக மருத்துவர் கூறியிருந்தார். வேறு மருந்து இல்லை.

அவள் கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் அவன். தாங்குகோலைத் தொடைகளுக்கிடையில் நிறுத்தி, அதன்மேல் மோவாயை ஊன்றியிருந்தான்.

“என்னக்கா, ஒன் செல்லுப் பிள்ளையளு ஒறங்குதா, சண்டை போடுதா?”

“ஒறங்குதுலே.”

அவன் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றான். கோல் இல்லாமல்.

மருத்துவருக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும். அவள் மீண்டும் உள்ளே வந்து நுண்ணோக்கியைச் சரிசெய்தாள்.

செல்கள் தெளிந்தன.

இழைகளைத் தேடினாள்.

தட்டை நகர்த்தினாள். இந்த ஓரம். அந்த ஓரம்.

ஊசி மருந்து செல்களைத்தான் தடுக்கும். இழைகளை அல்ல. அவை இருந்தாக வேண்டும்.

ஓரிழைகூட இல்லை.

அவள் திரும்பி, தாங்கியில் நின்ற குழாயைப் பார்த்தாள்.

சிவப்பு மூடி.

படிக்க வருமுன் அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் நெடுங்காலம் இரத்தம் எடுத்தவள். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சிவப்பு மூடிக் குழாய். அதில் இரத்தம் உறைய வேண்டும். இந்த ஆய்வுக்கு நீல மூடி, அதில் உறையலாகாது. காலையில் தம்பி ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். கை தனக்குப் பழகிய குழாயை எடுத்திருக்கிறது.

குழாயைச் சாய்த்தாள்.

அடியில் கருஞ்சிவப்பாக ஓர் உறைகட்டி. அது அசையவில்லை. அவள் தேடிய புரதம் அதனுள் அகப்பட்டிருந்தது. மேலே மிஞ்சிய நீரே தட்டுக்குச் சென்றது. பார்வைக்கு அதுவும் அதே மஞ்சள்.

செல்களுக்குப் பற்றுவதற்கு ஒன்றுமில்லை.

இதனால் ஊசி பயனளித்தது என்று கொள்ள இயலாது. பயனளிக்கவில்லை என்றும் கொள்ள இயலாது.

பாடநூல் இவ்விடத்தில் பத்தியை முடித்துவிடும்.

கதவுக்கு வெளியே அவன் குரல், மனைவியிடம் தொலைபேசியில்: “ஏட்டி ராஜகனி, பஸ் ஸ்டாண்டுக்கு யாரையும் அனுப்பாத. நான் நடந்தே வாரேன்.”

அவள் உறைகட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

படம் ஏற்கெனவே திரையில் இருந்தது. அனுப்பினால் ஊசி தொடரும்.

பிறகு இழுப்பறையைத் திறந்தாள்.

அவள் வெளியே வந்தபோது அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்த நீல மூடியைப் பார்த்தான்.

“பொறவு பேசுதேன்,” என்று தொலைபேசியை அணைத்தான்.

பெஞ்சில் அமர்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

“காலையில எடுத்த கை வலிக்கு. இதுல எடு.”

அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசி இறங்கியது. குழாய் நிறைந்ததும் மெல்லக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், மீண்டும் கவிழ்த்தாள்.

இரத்தம் உறையாமல், இப்பக்கமும் அப்பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

அவன் சுவரோரம் கை நீட்டிக் கோலை எடுத்துக்கொண்டான்.

அப்போது பிற்பகல் மணி மூன்று நாற்பது.