இன்னும் மெதுவாக

ஐந்தாவது பாட்டின் இரண்டாவது வரியில் அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'கட்டிலுக்கு அடியில் நீலப் பெட்டி, பூட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை' என்று ஸ்பீக்கரில் கொழுந்தனின் குரல் இழுத்து இழுத்துப் பாடியது.

நாளை வெளியாகப்போகிற ஆல்பம். கூடத்தில் இசைக்குழு மொத்தமும் உட்கார்ந்து அதை முதல்முறையாக முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் அவள் கணவன், பாடும் கொழுந்தன், கிட்டார்க்காரர்கள் இருவர். எல்லாப் பாட்டும் சோகம். எல்லாமே நத்தை வேகம்.

இவர்கள் பாட்டைக் கேட்டால் கடிகாரமே கொட்டாவி விடும் என்று அவள்தான் வழக்கமாகக் கேலி செய்வாள். இன்று அந்த ஒரு வரியையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த நீலப் பெட்டி நிஜம்.

படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் துணிமணி, அவளுடைய சான்றிதழ்கள், வேறு ஊரில் இருக்கும் தோழி கொடுத்த வீட்டுச் சாவி. புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவதே அற்றுப்போன ஒரு நாளில் அடுக்கி வைத்தது. யாருக்கும் தெரியாது.

அடுத்த வரியில் சாவியும் வந்துவிடுமோ?

ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை.

டீ எடுத்து வரும் சாக்கில் கொழுந்தனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"என் ரூமை நோண்டிப் பார்க்க உன்கிட்ட யாருடா சொன்னது? உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

அவன் திருதிருவென்று விழித்தான்.

"என்ன அண்ணி சொல்றீங்க? எனக்கு எங்க எழுத வரும்? அது அண்ணன் எழுதின பாட்டு. போன வருஷமே எழுதிக் குடுத்துட்டாரு. ரெக்கார்டிங்ல அதை மட்டும் இன்னும் மெதுவா, இன்னும் மெதுவான்னு எங்க உயிரை எடுத்துட்டாரு."

அடுப்பை அணைத்தாள்.

கூடத்து வாசலுக்கு வந்தபோது கணவனின் கண்கள் மூடியேதான் இருந்தன. தொடையில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் நின்றன.

சோபாவில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டான்.

பாட்டு இன்னும் முடியவில்லை.