பூஜ்யம் காட்டிய மீட்டர்

கீச்சென்று மீட்டர் கத்தியது. அளவெடுத்து முடித்துவிட்டது! சிப் வடிவமைப்பாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

மதியத்துக்குள் மின்செலவு பாதியாகாவிட்டால் அவருடைய சிப்பைக் கைவிடுவதாக ஆய்வக இயக்குநர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"சார், மின்செலவு பூஜ்யம்! கொடுத்த கணக்கையெல்லாம் சரியா போடுது, வேகமும் குறையல!" என்று போனில் கூவினார்.

"பலே! போட்டோகிராபரோட இதோ வர்றேன்!"

போனை வைத்தவர், அதே ஆய்வகத்தில் சோதனைப் பொறியாளராக இருக்கும் மனைவியைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இனிமே என்னை அவசரக்குடுக்கைன்னு சொல்லுவியா?"

மேசைக்கடியில் குனிந்திருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏங்க, அதுக்குள்ள யாரு போன் பண்ணச் சொன்னது? மீட்டர் அளக்குற சப்ளை ஒயரை நான் இன்னும் மாட்டவே இல்ல; உங்க சிப்பு சிக்னல் ஒயர்லேருந்து கரண்ட்டைத் திருடி ஓடிக்கிட்டிருக்கு!"