ஸ்டியரிங் ஆடுது

"கடிகாரத்துல ஒன்பதும் மூணும் இருக்கிற மாதிரி ஸ்டியரிங்ல ரெண்டு பக்கமும் கையை வச்சு ஓட்டுங்கண்ணே," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அதிகாரி. கம்பெனி லாரி டிரைவர்களுக்கு வருடாவருடம் நடக்கும் சோதனை. தேறாவிட்டால் இருபத்திரண்டு வருட வேலை இன்றோடு போய்விடும்.

அங்கேதான் வைத்திருந்தேன். பிடி வழுக்காமலிருக்கத் தடித்த ரப்பர் உறைகூட என் செலவில் மாட்டியிருந்தேன்.

"ஸ்டியரிங் ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"முன் டயர்ல பேலன்ஸ் இல்ல சார். சொன்னா யாரு கேக்குறாங்க?"

"இறுக்கிப் பிடிங்க."

இறுக்கினேன். இன்னும் அதிகமாக ஆடியது.

"காலையில இதே வண்டியை ஓட்டினவரு ஒண்ணும் சொல்லலையே?"

"அவரு எதையுமே கண்டுக்கமாட்டாரு சார்."

ஒரு வளைவில்கூடப் பிசகாமல் ஷெட்டுக்குத் திரும்பினேன்.

"உங்க மேல குறையே இல்லண்ணே. வண்டியிலதான் கோளாறு. ஒர்க்‌ஷாப்புக்கு எழுதிடுறேன்," என்று பேனாவை எடுத்தார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

"என்ஜினை ஆஃப் பண்ணிடுங்க."

சாவியைத் திருப்பிவிட்டு, பழக்கதோஷத்தில் கையை மறுபடியும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டேன்.

லாரி அடங்கியது. ஸ்டியரிங் அடங்கவில்லை.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்தார்.

"எத்தனை மாசமாண்ணே?"

"டயர்தான் சார்," என்றேன்.