பச்சை அட்டை

கம்ப்யூட்டர் பெட்டி மறுபடியும் கத்தியது. பீப், பீப், பீப்.

"இப்பத்தானே சரி பண்ணினே?" பெரியவர் மெக்கானிக்கை முறைத்தார்.

"பண்ணினேன் சார். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மறுபடி இப்படி. ரேம் அட்டை சரியா உட்காரலை போல." மெக்கானிக் சமையலறைப் பக்கம் திரும்பினார். "அம்மா, பென்சில் ரப்பர் இருக்குமா? தேய்ச்சுப் பார்க்கறேன்."

இருந்தது. மகளின் ரப்பர். அவள் எடுத்து வந்து நீட்டினாள்.

பெரியவர் அவள் கணவரின் அண்ணன். அவர் வைத்ததுதான் சட்டம். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்றே, சுவரில் இருந்த அவள் படங்களை எல்லாம் இறக்கிவிட்டார். மிச்சம் இருந்தது இந்தக் கம்ப்யூட்டரில்தான். தத்தித் தத்தி நடந்தது, பல் விழுந்த வாயோடு பாடியது, எல்லாம். இன்று அதையும் துடைத்துவிட்டு, புதிதாக விண்டோஸ் போட்டு, தன் பேரனுக்கு எடுத்துப்போக ஆளோடு வந்திருந்தார்.

அவள் கணவரோ காலையிலிருந்து மூலை நாற்காலியை விட்டு அசையவில்லை. அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டல். டீயைக்கூட "இங்கயே கொண்டா" என்றுவிட்டார்.

டீயை நீட்டும்போது அவள் பல்லைக் கடித்தாள். "பெத்த பொண்ணைத் துடைக்கப் போறாங்க. எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லையா?"

அவர் டீயை மட்டும் ஊதினார்.

மெக்கானிக் அந்தப் பச்சை அட்டையை ரப்பரால் தேய்த்து, ஊதி, அழுத்திப் பொருத்தினார். கிளிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சார், இது தானா கழண்டுக்காது. யாரோ கழட்டி விட்டிருக்காங்க."

பெரியவர் கண் அவள் பக்கம் திரும்பியது.

"நான்தான் மாமா" என்றாள் அவள். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. "இந்த அட்டை உட்காரலைன்னா பெட்டி கத்தும்னு எம் பொண்ணுதான் சொல்லிக் கொடுத்தா. மறுபடி மாட்டுங்க, மறுபடி கழட்டுவேன்."

"பார்த்தியாடா உன் பொண்டாட்டி வாயை!"

கணவர் தலை குனிந்துகொண்டார்.

"நீ வேலையைப் பாருப்பா" என்று மெக்கானிக்கை அதட்டிய பெரியவர், கம்ப்யூட்டர் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தடவை பெட்டி கத்தவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. மெக்கானிக் பென்டிரைவைச் சொருகினார். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 'கடவுளே, எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு அட்டைதான். இனி நீ பார்த்துக்கோ.'

"என்ன இது? எதுல போடறதுன்னு கேக்குது, ஆனா டிஸ்க்கே காட்டலையே!"

மெக்கானிக் கேபிளை மாற்றிப் பார்த்தார். அப்புறம் டார்ச் அடித்து, உள்ளே தலையை விடாத குறையாகக் குனிந்தார்.

"சார், ஹார்டு டிஸ்க் இருக்கற இடமே காலி. கேபிள் மட்டும் தொங்குது."

"ஏம்மா! அதையும் நீதான் பிடுங்கினியா?"

அவள் திகைத்துப் போனாள். வேண்டின வாயை மூடவில்லை, அதற்குள்ளேயா?

மூலை நாற்காலி கிரீச்சிட்டது.

"அவளைக் கேக்காதீங்கண்ணே."

கணவர் எழுந்து நின்றார். கால் மரத்துப் போயிருந்தது போல, சுவரைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி மெத்தையைத் தூக்கி, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நெஞ்சோடு அணைத்தார்.

"பெட்டியைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. எம் பொண்ணைத் தர மாட்டேன்."

"என்னையே எதிர்த்துப் பேசறியா? இனி இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்!"

"எம் பொண்ணு வைப்பா."

பெரியவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினார். மெக்கானிக் ரப்பரைத் திரும்ப அவள் கையில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் பின்னாலேயே போனார்.

கணவர் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"எழுந்து நிக்கத் துப்பில்லன்னியே... அடைகாக்கறவன் எப்படிடி எழுந்திருப்பான்?"