முதுகு காட்டும் வாத்து

“கல்யாண ஜாடிய்யா இது! பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்த கையோட எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க!”

சூளை முதலாளி தெங் ஜாடியை மேஜை மேல் ‘டொம்’மென்று வைத்தார். பளபளக்கும் வெள்ளை ஜாடியில் தாமரைக் குளம். குளத்தில், பிரியாத தம்பதிக்கு அடையாளமாக ஜோடி வாத்து. ஆனால் பெட்டை, ஆணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருந்தது.

மேஜைக்கு ஒரு பக்கம் கோடு வரையும் ஜோங்யி. மறுபக்கம் வண்ணம் நிரப்பும் ருவோலான். பீங்கானுக்குப் பேர்போன சீனத்து ஜிங்தேஜென் ஊரில் கோட்டுக்காரர் வண்ணத்தைத் தொடமாட்டார்; வண்ணக்காரர் கோட்டைத் தொடமாட்டார்.

“பெட்டையை ஏன்டா திருப்பி நிறுத்தின?”

“அது அப்படித்தான் நிக்குது முதலாளி. கூப்பிட்டாலும் திரும்பறதில்ல” என்றான் ஜோங்யி.

“எப்படிக் கூப்பிட்டாராம்னு கேளுங்க! கத்தினா எந்த வாத்து திரும்பும்?” ருவோலான் சீறினாள்.

“நீ பேசாதம்மா! ஆண் வாத்துன்னா சிவப்பு, பச்சைன்னு பட்டுச் சட்டை போட்ட மாதிரி இருக்கணும். நீ மொத்தமா சேத்தை அப்பி வச்சிருக்க!”

“அந்த மூஞ்சிக்கு அது போதும்.”

“முதலாளி, ஜாடியைக் கெடுத்தது யாருன்னு இப்பத் தெரியுதா?”

“முதல்ல கெடுத்தது யாராம்? என்கிட்ட வண்ணத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே சூளையில வெந்த கோட்டை நான் அழிக்க முடியுமா? அந்த ஆளையே கேளுங்க!”

“அந்தம்மாவையே கேளுங்க!”

“எதிர்ல நிக்கறவங்ககிட்டப் பேச நடுவுல நான் எதுக்கு? இன்னொரு ஜாடி இப்படி வந்தா சூளையை இழுத்து மூட வேண்டியதுதான்!”

ஆத்திரம் தாங்காமல் தெங் ஜாடியைத் தூக்கித் தரையில் அடித்தார். சில்லுகள் தெறித்தன. ஜோங்யியின் கை தானாக ருவோலானின் முகத்துக்கு முன்னால் நீண்டது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

“கிளம்புங்க! ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க!”

ருவோலான் ஓரடி முன்னால் வந்தாள்.

“வேலையை விட்டே நிறுத்திட்டீங்களா முதலாளி?” ருவோலானின் குரல் இறங்கியிருந்தது.

“நிறுத்தல. உங்க கல்யாணத்துக்கு இவன் கோடு போட்டு நீ வண்ணம் வச்ச ஜாடி, கட்டில் தலைமாட்டுல இருக்கில்ல? ரெண்டு பேரும் சேர்ந்து போய் அதை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க!”