கீரை பொறுக்கிய கண்ணாடி

குலசேகரனிடம் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. கண் டாக்டர் தினமும் கீரை சாப்பிடச் சொல்லியிருந்ததால், மதியம் அவர் தட்டில் முருங்கைக்கீரைக் கூட்டு விழும். அவரோ கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, கீரையை இலை இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, பருப்பை மட்டும் சாப்பிடுவார்.

"அண்ணே, எங்களைக் காட்டிக்கொடுக்காதீங்க. அவர் கண்ணுக்காகத்தானே வந்திருக்கோம்" என்று கெஞ்சியது கீரை.

"அதுக்காகத்தான் காட்டிக்கொடுக்கிறேன்" என்றது கண்ணாடி. "நீ உள்ளே போய் அவர் கண்ணு தெளிஞ்சுட்டா, என்னை யாரு மூக்கு மேல தூக்கி வைப்பாங்க? அதோ, பருப்புக்கு அடியில உன் தம்பி ஒளிஞ்சிருக்கான். சார், அவனையும் எடுங்க!"

இரண்டு வருடம் கண்ணாடிக்கு ராஜ வாழ்க்கைதான்.

ஒரு நாள் குலசேகரன் பீன்ஸ் என்று நினைத்துப் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய எழுந்தவர், "இந்தக் கண்ணாடி எதுக்கும் உதவாது" என்று கத்தினார். அன்று மாலையே தடித்த கண்ணாடி ஒன்று வந்தது. பழையதைச் சமையலறைக் குப்பை வாளியில் போட்டார்.

வாளிக்குள் கிடந்த கீரை சற்று நகர்ந்து இடம் கொடுத்தது. "வாங்க அண்ணே. உங்களையும் ஒதுக்கிட்டாரா?"

கண்ணாடி பதில் சொல்வதற்குள், சாப்பாட்டு மேசையிலிருந்து புதுக் கண்ணாடியின் உற்சாகக் குரல் கேட்டது.

"சார், ரசத்துல ஒரு இலை மிதக்குது. விட்டுடாதீங்க!"